பழைய ஆக்சென்ட்: பவர் ஸ்டீரிங் கத்துது, டைட்டும் ஆகுது. பம்ப்பா, ராக்கா?

நாமக்கல்_செடான்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. வண்டி 2005 ஆக்சென்ட் பெட்ரோல், அப்பா புதுசா எடுத்தது, 1,42,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. வீட்ல வேற வண்டி இருந்தும் அப்பா இதத்தான் எடுப்பாரு, இதுல உக்காந்தாத்தான் அவருக்கு ரோடு புடிபடுதாம். இத்தன வருஷம் ஓடுன வண்டி, தேயத்தான் செய்யும், வண்டிய குறை சொல்ல வரல, எத மாத்துறதுன்னு தெரியாமத்தான் கேக்குறேன்.

ஒரு மூணு மாசமா காலைல ஸ்டார்ட் பண்ணுனதும் பானெட்டுக்குள்ள ஊஊன்னு ஒரு சத்தம் வரும், அரை நிமிஷத்துல கொறஞ்சுரும், பெல்ட்டுதான்னு நெனச்சு பவர் ஸ்டீரிங் பெல்ட்ட மாத்துனோம், சத்தம் அப்படியே இருந்துச்சு. அப்பறம் ரிவர்ஸ் எடுக்கும்போது ஃபுல்லா ஒடிச்சா எருமை மாடு முக்குற மாதிரி ஒரு சத்தம் ஆரம்பிச்சுது. இப்ப ஒரு மாசமா நின்ன எடத்துல திருப்புனா கொஞ்சம் லேசா போகும், நடுவுல கல்லாட்டம் ஆகும், மறுபடி லேசாகும், இப்படி விட்டு விட்டு புடிக்குது.

போன வாரம் அப்பாவும் அம்மாவும் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு போயிட்டாங்க, எனக்கு சொல்லவே இல்ல. காரவள்ளில இருந்து மேல ஏறுனா 70 கொண்டை ஊசி வளைவு இருக்குன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். பாதிக்கு மேல போனதும் ஒரு வளைவுல ஸ்டீரிங் சுத்தமா எறுகிடுச்சாம், அப்பாவுக்கு 67 வயசு, ரெண்டு கையாலயும் இழுத்து ஒடிச்சு ஓரமா நிறுத்திட்டாரு, எதுக்க பஸ் வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு அம்மா இன்னும் சொல்லிட்டே இருக்காங்க. அரை மணி நேரம் நிறுத்தி வெச்சு எடுத்ததும் ஓரளவு சரியாயிருச்சு, அப்படியே மெதுவா செம்மேடு போயிட்டு அங்க இருந்து எனக்கு போன் பண்ணாரு.

ரெண்டு எடத்துல காட்டியாச்சு. ஒருத்தர் பம்ப் போச்சுன்றாரு, இன்னொருத்தர் பம்ப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு ராக்குதான், அதாவது ஸ்டீரிங் திருப்புனா முன் வீல திருப்புற அந்த நீளமான பாகம்தான் போச்சு, கழட்டி மாட்டி அலைன்மென்ட்டோட 19,000 ஆகும்ன்றாரு. ரெண்டு பேருமே ஸ்டீரிங்க ரெண்டு தடவ திருப்பிப் பாத்துட்டு சொன்னதுதான், அடில குனிஞ்சுகூட பாக்கல. காசு பெருசில்லைங்க, மாத்துனதுக்கு அப்பறமும் இதே மாதிரி மலைல புடிச்சுதுன்னா என்ன பண்றது, அந்த பயம்தான். எப்படி கண்டுபுடிக்கிறதுன்னு யாராச்சும் சொல்லுங்க.

கோவை_ஸ்பானர்:

ப்ரோ மொதல்ல எதையும் மாத்தாதீங்க. சில விஷயம் பாத்து சொல்லுங்க.

எஞ்சின் ஓடும்போது பவர் ஸ்டீரிங் ஆயில் டப்பா மூடிய தெறந்து உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, ஆயில் தெளிவா இருக்கா இல்ல நுரையா பால் கலந்த மாதிரி இருக்கா? லெவல் கொறையுதா, கொறைஞ்சா எத்தன நாளைக்கு எவ்வளவு? டைட் ஆகுறது ரெண்டு பக்கமுமா, ஒரு பக்கம் மட்டுமா? ஆக்சிலேட்டர லேசா குடுத்துட்டு திருப்புனா லேசாகுதா? கடைசியா ஆயில் எப்ப மாத்துனீங்க, என்ன ஆயில்?

அப்பறம் சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க, முன் டயர் காத்து செக் பண்ணுங்க, டிரைவர் சைடு கதவுகிட்ட ஸ்டிக்கர் இருந்தா அதுல போட்டிருக்குற அளவு, இல்லன்னா மேனுவல்ல பாருங்க. 20 பிஎஸ்ஐ வெச்சுக்கிட்டு ஸ்டீரிங் டைட்டுன்னு ராக் வரைக்கும் கழட்டுன ஆளுங்கள நான் பாத்திருக்கேன்.

இன்னொண்ணு, முன்னாடி ரெண்டு வீலையும் தூக்கி ஸ்டாண்ட்ல நிறுத்தி, எஞ்சின் ஆஃப்ல சாவிய மட்டும் போட்டு லாக்க எடுத்துட்டு இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் கையால திருப்புங்க. வீல் தரைல இல்லாதப்ப ஒரே சீரா போகணும். அப்பவே எங்கயாச்சும் புடிச்சா அது ஆயில் சமாச்சாரமே இல்ல, பால் ஜாயிண்ட், சஸ்பென்ஷன் மேல் பேரிங், ஸ்டீரிங் ராடு ஜாயிண்ட் இதுல ஏதோ ஒண்ணு எறுகியிருக்குன்னு அர்த்தம்.

நாமக்கல்_செடான்:

ரொம்ப நன்றிங்க ப்ரோ. இன்னிக்கு காலைலயே பாத்துட்டேன்.

ஆயில் முழுக்க நுரைங்க. ஸ்டார்ட் பண்ணுறதுக்கு முன்னாடி செகப்பும் கறுப்பும் கலந்த மாதிரி இருந்துச்சு, ஓட விட்டு நாலு தடவ திருப்புனதும் ஸ்ட்ராபெரி மில்க்ஷேக் மாதிரி ஆயிருச்சு. லெவல் பெருசா கொறையல, மூணு மாசத்துல ஒரு ரெண்டு விரக்கடை இருக்கும், தரைல சொட்டு விழுந்த அடையாளமே இல்ல, வீட்டு முன்னாடி டைல்ஸ்தான் போட்டிருக்கு, சொட்டுனா கண்டிப்பா தெரிஞ்சிருக்கும். டைட் ரெண்டு பக்கமுந்தான். ஆக்சிலேட்டர் குடுத்தா டைட் கொறையுது ஆனா சத்தம் ஜாஸ்தியாகுது.

ஆயில் வந்து, பெல்ட் மாத்துனப்ப ஒருத்தரு கொறையுதுன்னு செகப்பு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) ஊத்துனாரு. அதுக்கு முன்னாடி மாத்துனதா அப்பாவுக்கு ஞாபகமே இல்ல, 20 வருஷமா அதே ஆயில்தான்னு வெச்சுக்கலாம். டயர்ல காத்து 30 இருக்கு. வீல தூக்கி திருப்புனேன், சீராத்தான் போகுது, வலது பக்கம் கடைசில லேசா ஒரு கனம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, அது என் மனசுக்கு தோணுனதான்னு தெரியல.

சங்ககிரி_பட்டறை:

தம்பி நான் சங்ககிரில லாரி ஸ்டீரிங் வேலை பாக்குறவன், 26 வருஷமா இதே தொழில்தான். லாரில ஸ்டீரிங் பாக்ஸ், உங்க கார்ல ராக்கு, அவ்வளவுதான் வித்தியாசம், பம்ப்பும் ஆயிலும் ஓடுற கணக்கு ஒண்ணுதான். நீங்க சொன்னத வெச்சுப் பாத்தா உங்க வண்டில பம்ப்பும் போகல ராக்கும் போகல, ஏர் புடிக்குது. நுரை, ஊன்னு சத்தம், விட்டு விட்டு புடிக்கிறது, வெளிய சொட்டு இல்ல, இது நாலும் சேந்தா வேற எங்கயும் தேட வேணாம், டப்பாவுல இருந்து பம்ப்புக்கு ஆயில் இழுக்குற பக்கம் பாருங்க.

ஏன்னு சொல்றேன், இது புரிஞ்சுட்டா உங்கள யாரும் ஏமாத்த முடியாது. டப்பாவுல இருக்குற ஆயில ஒரு தடிச்ச ஹோஸ் வழியா பம்ப்பு உறிஞ்சுது. பம்ப்புக்குள்ள ஒரு ரோட்டர், அதுல வேன்னு சொல்ற தகடுங்க இருக்கு, அது சுத்தி ஆயில நெருக்கி பிரஷர் ஹோஸ்ல தள்ளும். ஃபுல்லா ஒடிச்சு புடிச்சா சின்ன கார்லயே பிரஷர் 70, 80 பார் வரைக்கும் போகும், உங்க டயர்ல இருக்குறது 2 பார்தான், யோசிச்சுக்கோங்க. ராக்கு மேல ஒரு வால்வு, அதுக்குள்ள பென்சில் கனத்துல ஒரு முறுக்குக் கம்பி. நீங்க ஸ்டீரிங்க திருப்புறப்ப அந்தக் கம்பி லேசா முறுங்கும், முறுங்குற அளவுக்கு வால்வு தெறந்து எந்தப் பக்கம் தள்ளணுமோ அந்தப் பக்கம் ஆயில விடும். வேலைய முடிச்ச ஆயில் ரிட்டன் ஹோஸ்ல டப்பாவுக்கே வந்துரும்.

இதுல பிரஷர் பக்கம் ஓட்டை விழுந்தா ஆயில் வெளிய பீச்சும், கண்ணுக்குத் தெரியும். இழுக்குற பக்கம் அப்படி இல்ல. அங்க ஹோஸ் காஞ்சு கெட்டியாயிருந்தாலோ கிளிப் லூசா இருந்தாலோ பம்ப்பு வாயில இருக்குற ஓ ரிங்ன்ற ரப்பர் வளையம் தட்டையாயிருந்தாலோ எஞ்சின் ஓடும்போது ஆயிலுக்குப் பதிலா காத்த உறிஞ்சும். உறிஞ்சுற எடத்துல எப்படிங்க வெளிய சொட்டும்? எஞ்சின் ஆஃப் பண்ணதுக்கு அப்பறம் ஒரு ஈரம் மட்டும் கசிஞ்சு தூசி ஒட்டி கறுப்பா ஒரு வளையம் நிக்கும். அதத்தான் யாரும் குனிஞ்சு பாக்குறதில்ல.

ஆயில நெருக்கினா நெருங்காது, காத்த நெருக்கினா சுருங்கும், அதனாலதான் ஆயில் வர்றப்ப லேசாவும் காத்து வர்றப்ப கல்லாவும் இருக்கு. அந்த முக்குற சத்தமும் காத்துக் குமிழி பம்ப்புக்குள்ள ஒடையுற சத்தம்தான். மலைல வளைவுக்கு வளைவு ஒடிச்சு ஒடிச்சு ஆயில் சூடாகி முழுக்க நுரையாயிருச்சு, அரை மணி நேரம் நிறுத்துனதும் நுரை அடங்கி ஆயில் ஆயிருச்சு, உங்கப்பா சொன்னது அப்படியே பொருந்துது. நிறுத்தி வெச்சது ரொம்ப நல்ல வேலை.

செக் பண்ற விதம் சொல்றேன். எஞ்சின ஓட விட்டு, டப்பாவுக்கு அடில ஹோஸ் மாட்டுற எடத்துலயும் பம்ப்புல மாட்டுற எடத்துலயும் கெட்டியா கிரீஸ சுத்தி அப்பி விடுங்க, பெல்ட்டு சுத்துது, சட்டைக் கையெல்லாம் மடிச்சுக்கிட்டு பாத்து. கிரீஸ் ஓட்டைய அடைச்சதும் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல சத்தம் மாறுனா அதான் எடம். இன்னொண்ணு, டப்பாவோட அடில சின்ன வலை ஒண்ணு இருக்கும், 20 வருஷத்து ஆயில்னா அது ரப்பர் பொடியும் சகதியுமா அடைஞ்சிருக்கும், அது அடைஞ்சாலும் பம்ப்பு இழுக்க முடியாம இதே மாதிரிதான் கத்தும்.

இது ரெண்டும் சரியா இருந்தும் டைட்டா இருந்தாத்தான் பம்ப்பா ராக்கான்ற பேச்சே வரும். அதுக்கும் வாய்ச்சொல்லு வேணாம், பிரஷர் காட்டுற கேஜ் இருக்கு. பம்ப்புக்கும் ராக்குக்கும் நடுவுல கேஜும் ஒரு வால்வும் மாட்டி, வால்வ அஞ்சு செகண்டுக்கு மேல போகாம மூடிப் பாப்போம். மூடுறப்ப பிரஷர் ஏறுனா பம்ப்பு நல்லாயிருக்கு, ராக்குக்குள்ளதான் சீல் போயி ஆயில் நழுவுது. மூடியும் ஏறலன்னா பம்ப்பு. நாமக்கல்லயே லாரி ஸ்டீரிங் வேலை பாக்குற எடத்துல இந்த கேஜ் வெச்சிருப்பாங்க, கேட்டுப் பாருங்க. கேஜ் மாட்டாம 19,000 சொல்ற எடத்துல வண்டிய விடாதீங்க.

சேலம்_டிரைவர்:

அண்ணா சொல்றது சரிதான் ஆனா எதுக்கு இவ்ளோ அலையணும், ஸ்பேர் கடைல லீக் ஸ்டாப்னு ஒரு பாட்டில் கெடைக்குது, அத ஊத்துனா சீல் எல்லாம் உப்பி டைட்டாயிரும், நான் என் பழைய வண்டில ஊத்தி ஒரு வருஷம் ஓட்டுனேன். இல்லன்னா ஒடைக்கிற மார்க்கெட்ல பழைய பம்ப்பு எடுத்து மாட்டிருங்க, ரெண்டாயிரம் மூவாயிரத்துல முடிஞ்சுரும்.

சங்ககிரி_பட்டறை:

தம்பி நீங்க ஓட்டுன ஒரு வருஷம் வாஸ்தவம்தான், இல்லன்னு சொல்லல. அந்த பாட்டில்ல இருக்குறது ரப்பர உப்ப வெக்கிற மருந்து. ஆயில் சீல்ல லேசா கசியுற வண்டிக்கு, விக்கப்போற வரைக்கும் ஓடுனா போதும்னு இருந்தா சரி. ஆனா இங்க சீல் கசியல, ஹோஸ்ல காத்து புடிக்குது, காஞ்சு போன ஹோஸ்ஸ எந்த மருந்தும் இளக வெக்காது. உப்புன ரப்பர் நாளாக நாளாக கொழகொழன்னு ஆகி நல்லா இருக்குற ராக் சீலும் சேந்து போகும், அதுவும் மலைக்கு போற வண்டி, வயசானவர் ஓட்டுற வண்டி, இதுல சோதனை வேணாம்.

பழைய பம்ப்பு வாங்கி மாட்டுனாலும் பாருங்க, அதே காஞ்ச ஹோஸ்ஸத்தான் திருப்பி மாட்டுவாங்க, ஒரு மாசத்துல அந்தப் பம்ப்பும் கத்தும். அப்ப "பழசு அப்படித்தாங்க இருக்கும்"னு சொல்லி புதுப் பம்ப்பு விப்பாங்க. காத்தோட ஓடுற பம்ப்புல ஆயில் படலம் நிக்காது, இரும்பு இரும்ப உரசும், அந்தத் தூள் நேரா ராக்கு வால்வுக்குத்தான் போகும். நூத்தம்பது ரூபா ஹோஸ்ல ஆரம்பிச்சது ராக்குல வந்து முடியுறது இப்படித்தான், எனக்கு இத பாக்குறப்பல்லாம் வயிறு எரியும்.

திருச்சி_அக்கா:

நான் ஒரு விஷயம் சேத்து சொல்லிடறேன், ஏன்னா இதுல நான் அடிபட்டிருக்கேன். எங்க வண்டியும் பழைய ஹைட்ராலிக் ஸ்டீரிங்தான். போன வருஷம் ஆயில் கொறஞ்சிருந்துச்சுன்னு ஒரு எடத்துல விட்டோம், அங்க இருந்த பையன் பவர் ஸ்டீரிங் டப்பாவுல பிரேக் ஆயில ஊத்திட்டான், சின்ன பையன், அவனுக்கு யாரும் சொல்லிக்குடுக்கல. மொதல் பத்து நாள் ஒண்ணும் தெரியல. அப்பறம் ராக்கோட ரப்பர் உறைல இருந்து ஒழுகுது, பம்ப்பு முன்னாடி ஒழுகுது, டப்பா அடில ஒழுகுது. கடைசில எல்லா சீலும், ரெண்டு ஹோஸ்ஸும் மாத்தி, மூணு தடவ கழுவி எடுத்தாங்க. பிரேக் ஆயில் வேற ஜாதி, அதுக்குன்னு இருக்குற ரப்பருக்குத்தான் அது ஒத்துக்கும், ஸ்டீரிங் சீல் அதுல ஊறி உப்பிரும்னு அப்பதான் தெரிஞ்சுக்கிட்டேன். மாத்தி பிரேக் டப்பாவுல ஸ்டீரிங் ஆயில் ஊத்துனா அது இன்னும் மோசம், பிரேக்கே போயிடும்.

அதனால டப்பா மூடிய பாத்து, மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அத மட்டும் கேட்டு வாங்குங்க தம்பி. ஆக்சென்ட்டுக்கு மேனுவல்ல பிஎஸ்எஃப்-3ன்ற பவர் ஸ்டீரிங் ஆயில் போட்டிருக்கும். சில வண்டிக்கு டெக்ஸ்ரான் ஏடிஎஃப், ஹோண்டாவுக்கு அவங்களோட ஆயிலே வேணும், சில ஜெர்மன் வண்டிக்கு பச்சைக் கலர் ஆயில். "எல்லாம் ஒண்ணுதான் மேடம்"னு சொன்னா அங்க இருந்து வண்டிய எடுத்துட்டு வந்துருங்க. அப்பாவும் அம்மாவும் பத்திரமா வந்ததுக்கு சாமிக்கு ஒரு தேங்கா ஒடைங்க.

மதுரை_ஹேட்ச்பேக்:

நடுவுல கேக்குறேன் மன்னிச்சுக்கோங்க. என்னோடது 2009 வண்டி, சின்ன ஹேட்ச்பேக், அதுலயும் ஸ்டீரிங் திடீர்னு டைட் ஆகுது, டேஷ்போர்டுல ஸ்டீரிங் படம் போட்ட மஞ்ச லைட்டு எரியுது, ஆஃப் பண்ணி போட்டா போயிருது. ஆயில் டப்பாவ தேடுறேன் தேடுறேன் கெடைக்கவே மாட்டேங்குது. எங்க இருக்கும்?

கோவை_ஸ்பானர்:

மதுரை நண்பா, உங்க வண்டில டப்பாவே கெடையாது, அது எலக்ட்ரிக் பவர் ஸ்டீரிங். ஸ்டீரிங் ராடுல ஒரு மோட்டார் இருக்கும், நீங்க எவ்வளவு முறுக்குறீங்கன்னு ஒரு சென்சார் பாத்து மோட்டாருக்கு சொல்லும். அதுக்கு சாப்பாடு ஆயில் இல்ல, பேட்டரி கரண்ட்டு. வோல்டேஜ் எறங்குனாலோ எங்கயாச்சும் கோளாறு தெரிஞ்சாலோ கண்ட்ரோலர் மோட்டார கட் பண்ணிட்டு லைட்டப் போட்டுரும்.

அதனால மொதல்ல பேட்டரி. மல்டிமீட்டர வெச்சு எஞ்சின் ஆஃப்ல பாருங்க, 12.4க்கு மேல இருக்கணும், எஞ்சின் ஓடும்போது 13.8ல இருந்து 14.4க்குள்ள வரணும், ஏசியும் ஹெட்லைட்டும் போட்டுட்டு ஸ்டீரிங்க ஒடிச்சு அப்பவும் பாருங்க. அப்போ 12க்கு எறங்குனா ஆல்டர்னேட்டர், இல்ல அதோட பெல்ட். அப்பறம் பேட்டரி டெர்மினல்ல வெள்ளையா பூத்திருக்கா, பாடிக்குப் போற எர்த் வயர் துருப்புடிச்சிருக்கா, ஸ்டீரிங் ஃபியூஸ் கால் லூசா இருக்கான்னு பாருங்க. இதெல்லாம் சரியா இருந்தும் லைட்டு வந்தா ஸ்கேனர் போட்டு கோளாறு கோட் எடுங்க, கோட் எடுக்காம ஸ்டீரிங் காலம்ன்ற அந்த ராடு செட்டையே மாத்தணும்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்காதீங்க. மறுபடி வந்தா தனியா ஒரு கேள்வி போடுங்க, நாமக்கல் தம்பியோட விஷயம் கலந்துரும்.

நாமக்கல்_செடான்:

பத்து நாள் ஆச்சு, மன்னிக்கணும், முடிச்சுட்டே சொல்லலாம்னு இருந்தேன்.

ஞாயித்துக்கிழமை கிரீஸ் வெச்சுப் பாத்தேங்க. டப்பா அடில வெச்சேன், ஒண்ணும் மாறல. பம்ப்பு வாய்ல ஹோஸ் மாட்டுற எடத்துல கை போறதே கஷ்டம், எஞ்சின ஆஃப் பண்ணிட்டு ஒரு குச்சில கிரீஸ எடுத்து அப்பிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணேன். ஒரு நிமிஷம்தான் இருக்கும், அந்த ஊஊ சத்தம் அப்படியே பாதியா எறங்குச்சு. அப்பா பக்கத்துல நின்னுட்டு இருந்தாரு, எனக்கு முன்னாடி அவருதான் "டேய் சத்தம் கொறையுதுடா"ன்னாரு. பட்டறை அண்ணா சொன்ன அந்த கறுப்பு வளையமும் அங்கயே இருந்துச்சு, டார்ச் அடிச்சாத்தான் தெரியுது.

எங்க தெருவுலயே ஒரு மெக்கானிக் இருக்காரு, அவர்கிட்ட இத காட்டுனேன், அவரே வந்து கழட்டுனாரு. ஹோஸ் பம்ப்பு பக்கம் மரக்கட்ட மாதிரி ஆயிருக்கு, வளச்சா உள்பக்கம் வெடிப்பு வெடிப்பா தெரியுது, கிளிப்புல ஸ்பிரிங்கே இல்ல, கையால சுத்துது. டப்பாவ கழட்டி பெட்ரோல்ல அலசுனோம், அடில வலை இருக்குறதே மொதல்ல தெரியல, கறுப்பு களிம்பு அப்படி மூடியிருந்துச்சு.

புது ஹோஸ்ஸுக்கு திருச்செங்கோடு போனோம், அங்க போர்வெல் லாரிக்கு ஹைட்ராலிக் ஹோஸ் போடுற கடை நெறைய இருக்கே. ஒருத்தர் சாதா ஹீட்டர் ஹோஸ் எடுத்துக் குடுத்தாரு, எங்க மெக்கானிக் வேணாம்னுட்டாரு, அது தண்ணிக்குத்தான், ஆயில் பட்டா உப்பிரும்னாரு. ஆயில் தாங்குற ஹோஸ்ஸா கேட்டு வாங்கி, ஸ்க்ரூ கிளிப், பம்ப்பு வாய்க்கு ஓ ரிங், ரிட்டன் ஹோஸ்ஸும் எதுக்கும் புதுசு, பிஎஸ்எஃப்-3 ரெண்டு லிட்டர், எல்லாம் சேத்து 2,150. கூலி 800.

பழைய ஆயில எடுத்த விதமும் எழுதிடறேன், யாருக்காச்சும் உதவும். முன் வீல் ரெண்டையும் தூக்கி ஸ்டாண்ட்ல வெச்சு, ரிட்டன் ஹோஸ்ஸ கழட்டி ஒரு பாட்டில்ல விட்டு, டப்பாவுல அந்த வாய அடைச்சுட்டு, புது ஆயில ஊத்திக்கிட்டே எஞ்சின் ஓடாம ஸ்டீரிங்க இந்தக் கோடி அந்தக் கோடி திருப்பினோம், கறுப்பா வந்தது தெளிவா வர்ற வரைக்கும். அப்பறம் ஹோஸ்ஸ மாட்டி, லெவல் வெச்சு, எஞ்சின போடாமயே இன்னும் ஒரு இருவது தடவ மெதுவா திருப்பினோம், டப்பாவுல குமிழி குமிழியா வந்துட்டே இருந்துச்சு. குமிழி நின்னதுக்கு அப்பறந்தான் ஸ்டார்ட் பண்ணாரு. மொத ரெண்டு நிமிஷம் லேசா கத்துச்சு, எனக்கு பக்குன்னு ஆயிருச்சு, அவரு ஆஃப் பண்ணிட்டு ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கன்னாரு. அப்பறம் போட்டா சத்தமே இல்லைங்க. ஒரு கையால ஒடிக்கலாம். அம்மா உள்ள உக்காந்து திருப்பிப் பாத்தாங்க.

ஒரே ஒரு விஷயம் மிச்சம். வலது பக்கம் திரும்பிட்டு விட்டா ஸ்டீரிங் தானா நேருக்கு வர மாட்டேங்குது, கையால கொண்டு வரணும். எடது பக்கம் திரும்புனா தானா வருது. மொதல்ல வீல தூக்குனப்ப வலது பக்கம் ஒரு கனம் தெரிஞ்சுதுன்னு சொன்னேனே, அதோட சம்பந்தம் இருக்குமா?

சங்ககிரி_பட்டறை:

ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்த மெக்கானிக்க விட்டுராதீங்க, எஞ்சின் ஓடாம ஏர் எடுத்துட்டு ஒரு மணி நேரம் ஆயில ஆற விட்டவரு தொழில் தெரிஞ்சவரு.

சம்பந்தம் இருக்கும், ஆனா இது ஆயில் பக்கம் இல்ல. வண்டி தரைல நிக்க, ஒருத்தர ஸ்டீரிங்க மெதுவா திருப்பச் சொல்லிட்டு நீங்க முன் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல வெளிப்பக்கமா கைய லேசா வெச்சுப் பாருங்க, சுருளுக்கு நடுவுல விரல விட வேணாம். சீரா சுத்துனா நல்லது. கொஞ்சம் முறுங்கி நின்னு டொங்குனு குதிச்சா மேல் மவுண்ட் பேரிங் எறுகியிருக்கு. ரெண்டு பக்கமும் பாருங்க. அது நல்லா இருந்தா பால் ஜாயிண்ட், அப்பறம் அலைன்மென்ட். ஸ்டீரிங் ராடு ஜாயிண்ட்டுன்னா வேற மாதிரி காட்டும், ஒரு சுத்துக்கு ரெண்டு தடவ கனக்கும், ரெண்டு தடவ லேசாகும்.

ஒரு வாரம் கழிச்சு ஆயில் லெவல் ஒரு தடவ பாருங்க. ஃபுல்லா ஒடிச்சு கடைசில முட்டி வெச்சுக்கிட்டே நிக்கிற பழக்கம் இருந்தா அப்பாகிட்ட விடச் சொல்லுங்க, ஒரு நூல் திருப்பி விட்டாலே பம்ப்புக்கு மூச்சு கெடைக்கும்.

நாமக்கல்_செடான்:

பாத்தாச்சுங்கண்ணா. எடது பக்க ஸ்பிரிங்தான், வலதுக்கு ஒடிக்கும்போது நின்னு நின்னு டொங்குங்குது, கைல நல்லா அதிருது. ரெண்டு பக்கத்துக்கும் பேரிங் சொல்லிட்டேன், சனிக்கிழமை வருது. அதுக்குள்ள அப்பா வெள்ளிக்கிழமை மலைக்கு போலாமான்னு கேக்குறாரு. ஸ்டீரிங்தான் லேசாயிருச்சேன்றாரு.

சங்ககிரி_பட்டறை:

டவுனுக்குள்ள ஓட்டட்டும், மலைக்கு பேரிங் மாட்டிட்டு போகட்டும். வளைவு முடிஞ்சு ஸ்டீரிங் தானா திரும்பலன்னா அடுத்த வளைவுக்குள்ள கை தடுமாறும்.

அப்பறம் உங்கப்பாகிட்ட இத கண்டிப்பா கேளுங்க, எறங்கும்போது பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல போட்டோ எஞ்சின ஆஃப் பண்ணியோ எறங்குறாரா? அந்தக் காலத்து ஆளுங்க நெறைய பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு. நியூட்ரல்ல எறங்குனா எஞ்சின் வண்டிய இழுத்துப் புடிக்காது, பிரேக் மட்டுந்தான். எஞ்சின் ஆஃப் ஆனா பம ்ப்பு சுத்தாது, ஸ்டீரிங் கல்லாயிரும், பிரேக்க லேசாக்குற பூஸ்டருக்கு வேக்கமும் இல்ல, ரெண்டு மூணு அமுக்குக்கு அப்பறம் பிரேக்கும் கல்லாயிரும், அசந்து சாவிய முழுசா திருப்பி உருவிட்டா ஸ்டீரிங் லாக்கே விழும். ரெண்டாவது கியர்ல, எஞ்சின் ஓட ஓட எறங்கச் சொல்லுங்க. ஒருவேளை மறுபடி எங்கயாச்சும் டைட் ஆனாலும் பயப்பட வேணாம், வீலுக்கும் ஸ்டீரிங்குக்கும் இருக்குற இரும்புத் தொடர்பு விட்டுப் போகாது, ரெண்டு கையால இழுத்தா திரும்பும், வேகத்த கொறச்சு ஓரம் கட்டணும், போன தடவ அவரு பண்ணது மாதிரியேதான்.

நாமக்கல்_செடான்:

கேட்டேங்கண்ணா. நியூட்ரல்லதான் எறங்குவாராம், 30 வருஷப் பழக்கம்னாரு. நீங்க எழுதுனத அப்படியே வாசிச்சுக் காட்டுனேன், கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்பறம் "சரி, ரெண்டாவது கியர்லயே வரேன்"னாரு. சனிக்கிழமை பேரிங் மாட்டிட்டு அடுத்த வாரம் நானும் கூடப் போறேன்.